போன் இஎம்ஐ-யும் வடபழனி ஃபிளாட்டும்: வீட்டுக்கடன் நம்ம மற்ற கடன்களைப் பார்க்க ஆரம்பிச்ச கதை

இன்னைக்கு வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுடலாம். பேப்பர் வேண்டாம், கேட்டாலே போதும்.

வடபழனியில, நூறடி ரோட்டுக்குப் பின்னாடி ஏதோ ஒரு தெருவுல வாடகைக்கு இருக்கற ஒரு பொண்ணுன்னு வச்சுக்குவோம். வயசு 29. பிடித்தம் எல்லாம் போக கையில வர்ற சம்பளம் மாதம் 80,000 ரூபாய். மெட்ரோ பக்கத்துல இருக்கு, ஆபீசுக்கு ஒரே வண்டி, அதனால இதே ஏரியாவுல சின்னதா ஒரு ஃபிளாட் வாங்கணும்னு ஆசை. வேற கடன் எதுவும் இல்லைன்னா வங்கி என்ன கணக்கு போடும்? சம்பளத்துல பாதி, அதாவது 40,000 ரூபாய் வரைக்கும் தவணைக்குப் போகலாம்னு ஒரு அளவு வச்சிருக்கும். இந்த அளவு எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்லை. சில இடத்துல 40 சதவீதம், சம்பளம் பெருசா இருந்தா 60 வரைக்கும் போவாங்க. நம்ம பாதின்னே வச்சுக்கலாம். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். 40,000-ஐ 868-ஆல் வகுத்தா, கிட்டத்தட்ட 46 லட்சம் கடன் கிடைக்கும்.

இப்போ கடன்களைச் சேர்ப்போம். 60,000 ரூபாய் போன், வட்டியில்லாத தவணை, 12 மாசம். மாதம் 5,000. ஒரு ஸ்கூட்டர், 1.2 லட்சம் கடன், மூணு வருஷம். மாதம் கிட்டத்தட்ட 4,000. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பர்சனல் லோன் 5 லட்சம், 14 சதவீத வட்டி, அஞ்சு வருஷம். மாதம் 11,634. மூணையும் கூட்டினா வாங்கின கடன் மொத்தமே 6.8 லட்சம்தான். ஆனா மாதத் தவணை 20,634. அந்த 40,000-ல இதைக் கழிச்சா மிச்சம் 19,366. அதுக்குக் கிடைக்கிற வீட்டுக்கடன் 22.3 லட்சம்.

46 எங்கே, 22 எங்கே! ஏழு லட்சம்கூட இல்லாத கடன், கிட்டத்தட்ட 24 லட்சத்தைச் சாப்பிட்டுடுச்சு. தனித்தனியா பார்த்தா இன்னும் வேடிக்கை. பர்சனல் லோன் அஞ்சு லட்சம் 13.4 லட்சத்தை எடுத்துக்கிச்சு, அதாவது ரெண்டே முக்கால் மடங்கு. போன் வெறும் 60,000 ரூபாய். அது எடுத்துக்கிட்டது 5.76 லட்சம். ஒன்பதரை மடங்கு!

கடன் எவ்வளவு பெருசுங்கறதை வங்கி இங்கே பார்க்கவே இல்லை. மாசா மாசம் எவ்வளவு வெளியே போகுதுங்கறதை மட்டும்தான் பார்க்குது. குறுகிய காலத்துல அடைக்கிற கடன்தான் இந்தக் கணக்குல பெரிய வில்லன். நாம என்னவோ சீக்கிரம் முடியற கடனைத்தான் நல்ல கடன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

இந்தப் பார்வை எங்கேயிருந்து வந்துச்சு? கடன் கேட்டு வர்றவரோட மற்ற கடன்கள் கொடுக்கறவருக்கு எப்படித் தெரிஞ்சது, எது தெரிஞ்சது, எது தெரியாமலே போச்சு? இதுதான் இன்னைக்குக் கதை. நம்ம ஊர்ல இந்தக் கதைக்கு நூத்தி ஐம்பது வருஷ நீளம் இருக்கு.

வடபழனியிலிருந்து மயிலாப்பூருக்குப் போவோம். 1872-ல் அங்கே 'மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட்' ஆரம்பமாச்சு. நிதி நிறுவனம்னு இன்னைக்கு சட்டம் சொல்ற வகையிலேயே ரொம்பப் பழசுல இதுவும் ஒண்ணு. பேருதான் பெருசு, ஏற்பாடு எளிமையானது. உறுப்பினர்கள்கிட்ட சேமிப்பு வாங்கி, உறுப்பினர்களுக்கே நகை மேலயும் வீட்டு மேலயும் கடன் கொடுக்கறது. வெளியாளுக்குக் கிடையாது. சும்மா கையெழுத்து வாங்கிட்டுக் கொடுக்கற கடனும் நிதிகளோட வழக்கத்துல இல்லை. ஏதாவது ஒண்ணு ஈடா இருக்கணும்.

இங்கே சிபில் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. ஆனா கடன் கேக்கறவர் அதே குளத்தங்கரைக்காரர். கொடுக்கறவங்களும் அதே ஊர். யார் வீட்டுல கல்யாணம், யார் சேட்டு கடைக்குப் போய்ட்டு வர்றாங்க, யார் பையனுக்கு வேலை போச்சு, எல்லாம் தெரியும். தகவல் முழுசா இருந்தது. ஆனா அந்தத் தகவலுக்குள்ள வர்ற அளவுக்கு நீங்க அவங்க வட்டத்துல இருக்கணும். வட்டத்துக்கு வெளியே இருந்தவங்களுக்கு அடகுக் கடையும் வட்டிக்காரரும்தான். பழைய காலம் பொற்காலம்னு சொல்றவங்க இந்தப் பாதியைச் சொல்ல மறந்துடறாங்க.

அடுத்த நிறுத்தம் 1929. சென்னையில 'மத்திய நில அடமான வங்கி' உருவாச்சு. கூட்டுறவு முறையில மாகாண அளவுல வந்த முதல் நில அடமான வங்கி இந்தியாவுலயே இதுதான். இன்னைக்கு அதுக்குப் பேரு தமிழ்நாடு கூட்டுறவு மாநில வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி. மயிலாப்பூர்ல லஸ் சர்ச் ரோட்டுல இருக்கு. வீட்டுக்கடன் பத்திப் பேசறப்போ விவசாய வங்கி எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

அந்த வங்கி நிலத்தை அடமானம் வாங்கிக்கிட்டு நீண்ட காலக் கடன் கொடுத்தது. ஆரம்ப காலத்துல அந்தக் கடன்ல பெரும்பகுதி கிணறு வெட்டவோ புது நிலம் வாங்கவோ போகலை. விவசாயி ஏற்கெனவே வாங்கியிருந்த பழைய கடனை அடைக்கப் போச்சு. வட்டிக்காரர்கிட்ட வாங்கின குறுகிய காலக் கடன், நோட்டு எழுதிக் கொடுத்த கடன், இதையெல்லாம் அடைச்சு, அதுக்குப் பதிலா குறைஞ்ச வட்டியில பல வருஷத்துக்கு நீட்டின ஒரே அடமானம். சின்னக் கடன்களோட மாதச் சுமையை நீண்ட கடன் விழுங்கிடும். அதுதான் திட்டமே.

இன்னைக்கு நிலைமை நேர்தலைகீழ். அன்னைக்கு சின்னக் கடன் இருந்ததாலதான் அடமானக் கடன் கொடுத்தாங்க. இன்னைக்கு சின்னக் கடன் இருந்தா அடமானக் கடனைக் குறைக்கறாங்க. ரெண்டுமே ஒரே உண்மையைத்தான் வேற வேற பக்கத்துல இருந்து பார்க்குது. குறுகிய காலக் கடன்தான் கழுத்தை நெரிக்கும்.

1930-கள்ல விளைபொருள் விலை விழுந்து, கடன் கட்ட முடியாம கிராமங்கள் தவிச்சப்போ, 1938-ல் ராஜாஜி அரசாங்கம் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன்னாடி வாங்கின கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரைக்கும் நிலுவையில இருந்த வட்டி மொத்தமும் தள்ளுபடி. அந்தப் பழைய கடன்கள்ல அசலைப்போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தா கடனே தீர்ந்ததா கணக்கு. சட்டம் ஒரு குடும்பத்தோட தனிக்கடன்களை எடுத்து, எது எப்போ வாங்கினது, எவ்வளவு கட்டினதுன்னு பிரிச்சுப் பார்த்த ஒரு பெரிய சந்தர்ப்பம் அது.

சரி, நகரத்துக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்கு அப்புறம் சென்னையில மாச சம்பளக்காரங்கன்னு ஒரு பெரிய கூட்டம் உருவாச்சு. ரயில்வே, துறைமுகம், தலைமைச் செயலகம், வங்கி, மில். இவங்களுக்குக் கடன் ரெண்டு பக்கத்துல இருந்து வந்தது.

ஒண்ணு, ஆபீசுக்குள்ள இருந்த கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். 'சொசைட்டி லோன்'னு உங்க தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீங்க. தவணையை சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க. அதனால சம்பளச் சீட்டுல ஒரு வரியா அது தெரியும். ஊர் ஆளு யாரும் சொல்லாமலே, ஒரு காகிதத்தைப் பார்த்து ஒருத்தரோட கடனைத் தெரிஞ்சுக்கற வழி இப்படித்தான் பரவலாச்சு. இதுல ஒரு சுவாரசியம் பாருங்க. இன்னைக்கு இங்கிலாந்துல மாணவர் கடன் பெரும்பாலும் இதே மாதிரிதான். அது கடன் அறிக்கையில வராது, சம்பளத்துல பிடிப்பாங்க. அங்கே வீட்டுக்கடன் கொடுக்கறவங்க அதை சம்பளச் சீட்டுல பார்த்துத்தான் கணக்குல எடுத்துக்கறாங்க. நம்ம ஊர் சொசைட்டி லோன் லண்டன்ல உயிரோட இருக்கு!

இன்னொண்ணு, கடைத் தவணை. 1950-கள்ல வி.ஜி.பன்னீர்தாஸ் சென்னையில ரேடியோ, கைக்கடிகாரம் மாதிரி சாமான்களைத் தவணையில விற்க ஆரம்பிச்சார். ஆமா, கடற்கரையில அசையாம நிக்கற சிலை மனிதனுக்குப் பேர் போன அதே வி.ஜி.பி.தான். அந்தக் கடையில விற்பனையாளரா வேலை பார்த்த எச்.வசந்தகுமார்தான் 1978-ல் வசந்த் அண்ட் கோ-வைத் தொடங்கினார். ஃபிரிட்ஜ், டிவி, ஃபேன், எல்லாம் தவணை. ஒரு நடுத்தரக் குடும்பம் முழுப் பணம் சேர்றதுக்கு முன்னாடியே ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டு வந்தது இப்படித்தான். உங்க போன் இஎம்ஐ-யோட கொள்ளுத்தாத்தா இந்த ரேடியோ தவணை.

ஆனா ஒரு வித்தியாசம். அந்தக் கடன் கடைக்கும் உங்களுக்கும் நடுவுல மட்டும் இருந்தது. கடைக்காரர் கையில இருக்கற ஒரு அட்டை, ஒரு பேரேடு, அவ்வளவுதான். வேற எந்தக் கடன்காரருக்கும் அது தெரியாது. சொசைட்டி லோன் காகிதத்துல இருந்தது, கடைத் தவணை இருட்டுல இருந்தது.

அப்போ வீடு வாங்கறவங்க என்ன செஞ்சாங்க? பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிறகு, கையில வந்த பி.எஃப். பணத்துல கட்டினாங்க. அரசு ஊழியருக்கு வீடு கட்ட முன்பணம் உண்டு. எல்.ஐ.சி. மூலமா கொஞ்சம். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் மூலமா கொஞ்சம். அப்புறம் 1961 சட்டப்படி வந்த வீட்டு வசதி வாரியம். வடபழனிக்குப் பக்கத்துலயே இருக்கற அசோக் நகர், கே.கே.நகர் எல்லாம் வாரியத்தோட முத்திரை விழுந்த இடங்கள். எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி.ன்னு இன்னும் அந்த வீடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களே, அது வருமானப் பிரிவு. வருமானத்தை வச்சுத்தான் நீங்க எந்த வீட்டுக்குன்னு முடிவாகும்.

சாதாரண வங்கிகள்? 1969 ஜூலையில 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கின பிறகும் வீட்டுக்கடன் அவங்க முக்கிய வேலையா இல்லை. தனி ஆளுக்கு வீடு வாங்கக் கடன் கொடுக்கறதையே தொழிலா செய்ய ஒரு நிறுவனம் வந்தது 1977-ல். எச்.டி.எஃப்.சி. ஐ.சி.ஐ.சி.ஐ.-யில இருந்து ஓய்வு பெற்ற எச்.டி.பாரேக், அறுபது வயசு தாண்டின பிறகு ஆரம்பிச்சது. முதல் கடன் 1978-ல். 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி வந்து இந்தத் துறைக்கு ஒரு மேற்பார்வையைக் கொடுத்தது.

இந்த நிறுவனங்கள் மும்பையில உட்கார்ந்துகிட்டு சென்னையில இருக்கற ஒருத்தருக்கு 15 வருஷத்துக்குக் கடன் கொடுக்கணும். மயிலாப்பூர் குளத்தங்கரை ஞானம் அவங்களுக்குக் கிடையாது. அதனால விகிதத்தை நம்பினாங்க. முதல்ல ஒரு எளிய விகிதம்: வீட்டுத் தவணை சம்பளத்துல எத்தனை சதவீதம்? அப்புறம் ரெண்டாவது: வீட்டுத் தவணையோட மற்ற எல்லாத் தவணையும் சேர்ந்து எத்தனை சதவீதம்? வங்கிக்காரங்க பேச்சுல இந்த ரெண்டாவதுக்கு 'ஃபாயர்'னு பேரு. நீங்க லோன் ஏஜென்ட்கிட்ட பேசினா இந்த வார்த்தை கண்டிப்பா காதுல விழும். முதல்ல போட்டோமே ஒரு கணக்கு, அது இதுதான்.

விகிதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மற்ற தவணைகள் என்னன்னு விண்ணப்பிக்கறவர்தான் சொல்லணும். சம்பளச் சீட்டுல இருக்கறது தெரியும். மிச்சத்துக்கு உங்க நேர்மைதான் சாட்சி. 1990-கள்ல கிரெடிட் கார்டு, கார் லோன், பர்சனல் லோன்னு வரிசையா வந்தப்போ, ஒரு வங்கியில வாங்கின கடன் அடுத்த வங்கிக்குத் தெரியாம இருந்தது.

அந்த இருட்டுல லைட் போட்டது சிபில். 2000-ல் நிறுவினாங்க. 2004-ல் தனிநபர் தகவல் சேவை ஆரம்பம். 2005-ல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். 2007-ல் அந்த மூணு இலக்க மதிப்பெண். 2015-ல் எல்லாக் கடன் நிறுவனங்களும் நாலு தகவல் நிறுவனத்துலயும் உறுப்பினர் ஆகணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது. 2017-லிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை நமக்கு இலவசம். 2025 ஜனவரியில தகவலை 15 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்னு விதி அமலுக்கு வந்தது. அதாவது போன மாசம் எடுத்த போன் லோன் இந்த மாச வீட்டுக்கடன் விண்ணப்பத்துல வந்து நிக்கும்.

இங்கே ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கு. 'என் ஸ்கோர் 800, அப்புறம் ஏன் லோன் குறைச்சாங்க?'ன்னு கேக்கறாங்க. ஸ்கோர் நீங்க ஒழுங்கா கட்டறீங்களான்னு சொல்லுது. விகிதம் இன்னும் கட்ட இடம் இருக்கான்னு சொல்லுது. நாலு இஎம்ஐ-யை ஒரு நாள் தவறாம கட்டறவருக்கு ஸ்கோர் ஏறும், வீட்டுக்கடன் தகுதி இறங்கும். ரெண்டும் வேற வேற கேள்வி.

இப்போ கடன் வகைகளை ஒவ்வொண்ணா எடுப்போம், ஏன்னா இந்த வரலாறு ஒவ்வொரு கடனையும் வேற மாதிரி நடத்துது.

கல்விக் கடன். 10 லட்சம், 10 சதவீதம், பத்து வருஷம்னா தவணை 13,215. அது சாப்பிடறது 15.2 லட்சம். ஒன்றரை மடங்குதான். தொகை பெருசு, ஆனா காலம் நீளமா இருக்கறதால ஒரு ரூபாய்க்கு இது செய்யற சேதம் குறைவு. இன்னும் கட்ட ஆரம்பிக்கலைன்னாலும், வரப்போற தவணையைச் சில இடங்கள்ல இப்பவே கழிச்சுடுவாங்க. அப்பாவும் அதுல கையெழுத்து போட்டிருந்தா அவர் அறிக்கையிலயும் அது இருக்கும். அப்பாவோட சேர்ந்து வீட்டுக்கடன் கேக்கலாம்னு போறவங்க இதைக் கவனிக்கறதில்லை. நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டதும் இதே கதைதான். கடன் உங்க கைக்கு வரவே இல்லை, அறிக்கைக்கு வந்துடும்.

கிரெடிட் கார்டு. மாசா மாசம் முழுசா கட்டறவருக்கு இந்தக் கணக்குல பெரிய பாதிப்பு இல்லை. நிலுவை சுமக்கறவருக்கு, அந்த நிலுவையில 5 சதவீதத்தை மாதச் செலவா எடுத்துக்கறது பரவலான வழக்கம். ஒரு லட்சம் நிலுவைன்னா மாதம் 5,000. போன் கணக்கை ஞாபகப்படுத்திக்குங்க, 5.76 லட்சம் போச்சு.

நகைக்கடன். இதுதான் விசித்திரம். வங்கியில வைக்கற நகைக்கடன் அறிக்கையில வரும். ஆனா நிறைய நகைக்கடன்களுக்கு மாதத் தவணையே கிடையாது, வருஷக் கடைசியில அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டற ஏற்பாடு. தவணை இல்லைன்னா விகிதத்துல கழிக்க ஒண்ணும் இல்லை. சில இடத்துல வட்டியை மட்டும் பன்னிரண்டா வகுத்துக் கழிப்பாங்க. அதனால மூணு லட்சம் நகைக்கடன், 60,000 ரூபாய் போனைவிட வீட்டுக்கடனைக் குறைவா பாதிக்கும். அதே நகையைத் தெருமுனை அடகுக் கடையில வச்சா? 1943-லிருந்தே அடகு பிடிப்போருக்குச் சட்டம் இருக்கு, உரிமம் இருக்கு, ரசீது இருக்கு. ஆனா சிபில்ல வராது. வங்கியைப் பொறுத்தவரைக்கும் அந்த நகை இன்னும் பீரோவுலதான் இருக்கு.

சீட்டு. ஏலத்துல முன்னாடியே சீட்டை எடுத்துட்டவர் மிச்ச மாசங்களுக்குக் கட்டிக்கிட்டே இருக்கணும். பேருதான் சீட்டு, எடுத்த பிறகு அது கடன். 1961-ல் தமிழ்நாட்டுச் சட்டம், 1982-ல் மத்தியச் சட்டம்னு இதுக்கும் சட்டம் உண்டு. ஆனா அபார்ட்மென்ட்ல இருக்கற அக்கா நடத்தற சீட்டு எந்த அறிக்கையிலயும் இல்லை. ஆறு மாச வங்கிக் கணக்குல ஒரே பேருக்கு ஒரே தேதியில ஒரே தொகை யுபிஐ-யில போயிருந்தா, கவனமான அதிகாரி கேப்பார்.

இதுல ஒரு நடைமுறை விஷயம். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி கையில கொஞ்சம் காசு இருக்குன்னா, பலர் வட்டி அதிகமான கடனை முதல்ல அடைப்பாங்க. பொதுவா அது சரி. ஆனா தகுதியைக் கூட்டறதுதான் நோக்கம்னா பார்க்க வேண்டியது வேற: மிச்சம் இருக்கற தொகை சின்னது, தவணை பெருசு, அது எது? ஸ்கூட்டர்ல பாக்கி 40,000-ன்னா, அதை அடைச்சா 4,000 ரூபாய் தவணை ஒழியும், 4.6 லட்சம் தகுதி திரும்ப வரும். பல இடங்கள்ல ஆறு மாசத்துக்குள்ள முடியற கடனைக் கணக்குலயே எடுக்கறதில்லை, அதையும் கேட்டுக்குங்க.

ரிசர்வ் வங்கியும் கடன்களை வகை பிரிச்சுத்தான் பார்க்குது. 2023 நவம்பர்ல ஈடில்லாத நுகர்வுக் கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்கி வைக்கற மூலதனத்தைக் கூட்டினப்போ வீடு, கல்வி, வாகனம், தங்க நகை, இந்த நாலு கடனையும் விட்டுட்டாங்க. மாட்டினது பர்சனல் லோன், கிரெடிட் கார்டு வகையறா.

இதுவரைக்கும் எவ்வளவு கடன் கிடைக்கும்னு பேசினோம். எவ்வளவு தாங்கும்ங்கறது வேற. என் கருத்துல இந்த ரெண்டையும் ஒண்ணாக்கறதுதான் இன்னைக்கு நடக்கற பெரிய ஏமாற்று.

ஒரு ஃபிளாட் 80 லட்சம்னு வைங்க. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் இருக்கற வீட்டுக்கடனுக்கு, வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான் அதிகபட்சம்னு ரிசர்வ் வங்கி விதி. அப்போ 64 லட்சத்துக்கு மேல கிடைக்காது. மிச்சம் 16 லட்சம் உங்க கையிலிருந்து. அதுக்கு மேல முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், உள்ளே அலமாரி. விதியோட நோக்கம் என்ன? வாங்கறவர் சேமிச்சுக் கொண்டு வரணும். நடக்கறது என்ன? பர்சனல் லோன் எடுத்தா தகுதி குறையும்னு ஏஜென்ட்டே சொல்லிடுவார். அதனால அம்மா நகை அடகுக் கடைக்குப் போகும். மாமாகிட்ட கைமாத்து. சீட்டை இந்த மாசமே தள்ளி எடுக்கறது. விகிதம் சுத்தமா இருக்கும், குடும்பத்தோட சம்பளத்துல முக்கால்வாசி வெளியே போய்க்கிட்டு இருக்கும். பார்க்கக் கூடிய கடனை வங்கி எவ்வளவு கடுமையா அளக்குதோ, அவ்வளவு கடன் பார்க்க முடியாத இடத்துக்கு நகருது. அந்த இடம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களோட நகைப்பெட்டி.

இங்கிலாந்துல 2014-லிருந்து வீட்டுக்கடன் கொடுக்கறவங்க கடனை மட்டும் இல்லாம, வீட்டுச் செலவையும் கேட்டுப் பார்க்கணும்னு விதி. நம்ம ஊர்ல அந்தக் கேள்வி பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்துக்குள்ளயே அடங்கிடுது.

கடைசியா வடபழனிக்கே வருவோம். இந்தக் கதையில சம்பளச் சீட்டு இல்லாதவங்களைப் பத்தி நாம இன்னும் பேசலை. வடபழனில அவங்க நிறைய. 1940-களோட கடைசியில ஏவிஎம் ஸ்டூடியோவும் வாஹினி ஸ்டூடியோவும் இந்தப் பக்கம் வந்த பிறகு, லைட்மேன், மேக்கப், செட் வேலை, சண்டைக் கலைஞர், எடிட்டிங் உதவியாளர்னு ஒரு ஊரே இங்கேயும் சாலிகிராமத்துலயும் கோடம்பாக்கத்துலயும் குடியேறிச்சு. வாஹினி இருந்த வளாகத்துலதான் 2013-ல் மால் வந்தது. தொழிலாளர் சம்மேளனம் ஃபெப்சி, குளிர்பானம் இல்லை, அதோட அலுவலகம் இன்னும் வடபழனியிலதான்.

இவங்க வருமானம் நாள் சம்பளம், பேட்டா. நல்ல மாசம் ஐ.டி. காரரைவிடக் கூட வரும், ஷூட்டிங் இல்லாத மாசம் பூஜ்யம். அந்த விகிதத்துல போட இவங்ககிட்ட கீழ்ப்பகுதி எண்ணே இல்லை. வங்கிக்கு வருமான வரிக் கணக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு வேணும். அது இல்லாதவங்களுக்கு இருந்த கடன் வகைகளோட பேரை எல்லாம் ஒரு சட்டத்துலயே பார்க்கலாம். 2003-ல் தமிழ்நாடு அரசு கொண்டு வந்த அதீத வட்டி தடைச் சட்டம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு வரிசையா விளக்கம் கொடுத்திருக்கு. சட்டப் புத்தகத்துல இப்படித் தெருத் தமிழ் வர்றது அபூர்வம். இந்தக் கடன் எதுவும் சிபில்ல வராது. ஒழுங்கா கட்டினாலும் ஸ்கோர் ஏறாது. தண்டலைப் பத்து வருஷம் நாள் தவறாம கட்டினவர் வங்கிக்குப் போனா, 'உங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே'ன்னு பதில் வரும்.

இந்த இடைவெளியில சென்னை நிறுவனங்கள் சிலது தொழில் பண்ணுது. உதாரணத்துக்கு ரெப்கோ. பர்மாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் தாயகம் திரும்பின தமிழர்களுக்காக 1969-ல் ஆரம்பிச்ச கூட்டுறவு வங்கி அது. 2000-ல் அதோட வீட்டுக்கடன் நிறுவனம் வந்தது. சுயதொழில் செய்யறவங்களுக்குக் கணிசமா கடன் கொடுக்கறாங்க. இந்த வகை நிறுவனங்கள்ல வட்டி பெரிய வங்கிகளைவிடக் கொஞ்சம் கூடுதலா இருக்கும். காகிதம் குறைவா இருக்கறதால அதிகாரி நேர்ல வந்து உட்கார்ந்து கேப்பார். மாசம் எத்தனை நாள் வேலை, பேட்டா எவ்வளவு, யார்கிட்ட வேலை பார்த்தீங்க, பக்கத்துல யாரைக் கேட்டா உங்களைத் தெரியும். வாடகை, ஸ்கூல் ஃபீஸ். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி: நகை வெளியே இருக்கா? சீட்டு போடறீங்களா, எடுத்துட்டீங்களா, இன்னும் எத்தனை மாசம் பாக்கி?